நம் ஆட்டக்காரன் இனவெறி பேசினால் கிளப் என்ன செய்ய வேண்டும்?

ஏற்காட்டில் நடந்த ஒரு கால்பந்து மேட்ச்சில் எங்கள் கிளப் ஃபார்வர்டு, எதிரணியில் லெஃப்ட் பேக் ஆடிய பையனை அவன் சமூகத்தின் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு மிருகத்தின் பெயரையும் சேர்த்துத் திட்டினான். அந்த வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு எழுதாமலே புரியும். திட்டு வாங்கியவன் மலையாளிப் பழங்குடிப் பையன். கேரளத்துக்காரர்கள் இல்லை, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள், சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அவர்கள் மலையில், அவர்கள் ஊர் மைதானத்தில், அவர்கள் ஆட்களுக்கு முன்னால் நின்றுதான் எங்கள் ஆள் அதைச் சொன்னான்.

கிளப் என்ன செய்வது என்று முடிவெடுக்கச் செயற்குழு கூடப் போகிறது. அதில் எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. நான் அன்று மேட்ச்சுக்குப் போகவில்லை. லைன்ஸ்மேன், எங்கள் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுபவன்), எதிரணிக் கோச் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவர் சொல்வதும் பொருந்துகிறது. பந்து கோட்டைத் தாண்டி எஸ்டேட் வேலியோரம் போய் நின்றிருக்கிறது. பையன் அதை எடுத்துவந்து த்ரோ இன் எறியத் தலைக்கு மேல் தூக்கியபோது எங்கள் ஆள் இரண்டடி தள்ளி நின்று அதைச் சொல்லியிருக்கிறான். பையன் தூக்கிய பந்தை இறக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரெஃப்ரியைத் தேடினான். ரெஃப்ரி அந்தப் பக்கத்துக் கோல் அருகே இருந்தார். எங்கள் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பையன் மறுபடியும் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆடப் போய்விட்டான். மேட்ச் முடிந்து கைகுலுக்கும் வரிசையில் அவன் இல்லை.

குழுவில் ஆளுக்கொரு கருத்து. விட்டுவிடலாம் என்கிறார் ஒருவர், மன்னிப்புக் கேட்டு முடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். அபராதம் போடலாம், கிளப்பை விட்டே நீக்கலாம், போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் பேச்சு ஓடுகிறது. எங்களிடம் பெரிய கிளப்களின் பணமும் வக்கீல்களும் இல்லைதான். ஆனால் இதே சிக்கலில் அவர்கள் எடுத்த முடிவுகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பது பதிவில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கை தூக்குவது சரியில்லை. ஒப்பிட எனக்கு முதல் அளவுகோல் ஒன்றுதான்: திட்டு வாங்கியவனுக்கு இந்த வழி என்ன செய்கிறது? கோப்பை, கிளப் பெயர், எங்கள் பையனின் எதிர்காலம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், நம்ம பையனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற வழி. இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஃபார்வர்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். "ஆட்டச் சூட்டில் வந்துவிட்டது, அவன் மனசில் ஒன்றும் கிடையாது" என்கிறார்கள்.

2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடியபோது லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் தன்னைத் தோல் நிறத்தைச் சொல்லித் திரும்பத் திரும்பச் சீண்டினார் என்று யுனைடெட்டின் பத்ரிஸ் எவ்ரா புகார் கொடுத்தார். லிவர்பூல் தொடக்கத்திலிருந்தே சுவாரஸின் பக்கம் நின்றது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த தனிக்குழு சாட்சிகளை விசாரித்து, அந்த வார்த்தை ஏழு முறை சொல்லப்பட்டது என்று முடிவுக்கு வந்தது. எட்டு மேட்ச் தடை, 40,000 பவுண்டு அபராதம். தீர்ப்பு வந்த மறுநாள், டிசம்பர் 21-ல், விகனில் ஆடப்போன லிவர்பூல் வீரர்கள் சுவாரஸின் படம் போட்ட டீ ஷர்ட்டுடன் வார்ம் அப் செய்தார்கள். மேனேஜர் கென்னி டால்கிலிஷும் அதை அணிந்தார். குழுவின் 115 பக்க அறிக்கை அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் வெளியானது. என்ன கண்டுபிடித்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று முழுதாகப் படிக்கும் முன்பே ஒரு கிளப் முழுவதும் நெஞ்சில் தன் முடிவை அச்சடித்துப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டது.

தடை முடிந்து 2012 பிப்ரவரியில் இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தபோது சுவாரஸ் எவ்ராவுக்குக் கை கொடுக்கவில்லை. மறுநாள் சுவாரஸும் கிளப் நிர்வாகமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அன்று அந்த டீ ஷர்ட் போட்டவர்களில் ஒருவரான ஜேமி கேரகர், 2019-ல் தொலைக்காட்சியில் எவ்ராவை நேருக்கு நேர் பார்த்து, நாங்கள் செய்தது பெரிய தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். நடுவில் எட்டு வருடம் போயிருந்தது. புகார் சொன்ன மனிதனை அத்தனை காலம் சந்தேகத்தில் நிறுத்தி வைத்ததற்கு எந்த மன்னிப்பும் ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

இந்த வழி பழைய கதையும் இல்லை. 2024 ஜூலையில் ஸ்பெயினில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இத்தாலியின் கோமோ அணி வீரர் மார்கோ குர்டோ, இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியின் தென் கொரிய வீரர் ஹ்வாங் ஹீ சானைப் பற்றி இனத்தைக் கேலி செய்து பேசினார். அவன் தன்னை ஜாக்கி சான் என்று நினைத்துக்கொள்கிறான் என்றுதான் எங்கள் ஆள் சொன்னார், எதிரணிதான் இதை ஊதிப் பெரிதாக்குகிறது என்று கோமோ அறிக்கை விட்டது. ஃபிஃபா குர்டோவுக்குப் பத்து மேட்ச் தடை போட்டது. அதில் ஐந்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தது. கிளப் கொடுத்த விளக்கம் அவரைக் காப்பாற்றவில்லை. கிளப்பும் இதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை என்பதுதான் அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரிந்தது.

"சூட்டில் வந்துவிட்டது" என்ற வாதத்துக்கு என் பதில் இது. ஆட்டத்தில் கோபம் எல்லோருக்கும் வரும், கெட்ட வார்த்தையும் வரும், அதற்கு மஞ்சள் அட்டை சிவப்பு அட்டை எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தை வர வேண்டுமானால் எதிரே நிற்பவன் யார், எந்த ஊர், எந்த சமூகம் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். அதே மேட்ச்சில் எங்கள் ஃபார்வர்டின் காலை வாரிவிட்ட எதிரணி ஸ்டாப்பர் டவுன் பையன். அவனிடமும் சண்டை போட்டான், ஆனால் அவன் பிறப்பைத் தொடவில்லை.

இரண்டாவது, மன்னிப்புக் கேட்டு முடிப்பது. குழுவில் அதிகம் பேர் இந்தப் பக்கம்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மன்னிப்பு இல்லாமல் எந்த வழியும் முழுமையாகாது. மன்னிப்போடு எல்லாம் முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

2024 ஜூனில் உருகுவே வீரர் ரோட்ரிகோ பென்டன்குரிடம் அவர் நாட்டு டிவி நிருபர் ஒருவர், உங்கள் டாட்டன்ஹாம் அணியின் தென் கொரிய கேப்டன் சன் ஹியுங் மின்னின் ஜெர்சி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். சன்னுடையதா, அவர் சொந்தக்காரர் யாருடையதாவதா, எல்லோரும் ஒரே மாதிரிதானே இருப்பார்கள் என்ற பொருளில் பென்டன்குர் பதில் சொன்னார். ஒரே அணிக்காரர், தன் கேப்டனைப் பற்றி. பென்டன்குர் மன்னிப்புக் கேட்டார். அவருடன் பேசிவிட்டேன், தப்பு செய்தது அவருக்குத் தெரியும், நாங்கள் சகோதரர்கள்தான் என்று சன் பெருந்தன்மையாகச் சொன்னார். விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. நவம்பரில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஏழு மேட்ச் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் விதித்தது. தடை அதிகம் என்று டாட்டன்ஹாம் அப்பீல் செய்தது, அது தள்ளுபடியானது.

இதில் எனக்குப் படுவது, சன் மன்னித்தது சன்னின் காயத்துக்கு மட்டும். அந்தப் பேச்சு கோடிக்கணக்கான ஆசிய முகங்களைப் பற்றியது. அவர்கள் எல்லோர் சார்பிலும் மன்னிக்கும் பாரத்தை ஒருவர் தலையில் ஏற்ற முடியாது. கிளப் செய்திருக்க வேண்டிய வேலை வேறு, சன் செய்த வேலை வேறு. பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மை காட்டிவிட்டார் என்பதைக் கிளப் தன் தண்டனையைக் குறைக்கும் சலுகைச் சீட்டாகப் பயன்படுத்தக் கூடாது.

நம் ஊரில் மன்னிப்பு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கிளப் தலைவர், கோச், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர், பழத்தட்டு, சால்வை எல்லாமாக ஒரு காரில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பையன் வீட்டு வாசலில் இறங்குவார்கள். பையனின் அப்பா எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவர். கீழிருந்து இத்தனை பேர் வந்து நிற்கும்போது அவர் என்ன சொல்வார்? "பரவாயில்லைங்க, சின்னப் பசங்க, விடுங்க" என்பார். அதை ஃபோனில் படம் எடுத்து கிளப் குரூப்பில் போடுவோம். பையனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அது மன்னிப்பு இல்லை, கும்பலாகப் போய் வாயை அடைப்பது. குழுவில் இந்த யோசனை வந்தால் நான் எழுந்து நின்று எதிர்ப்பேன்.

எழுத்தில் கேட்கும் மன்னிப்பிலும் ஒரு வழக்கமான பாட்டு இருக்கிறது. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்." புண்பட்டதா இல்லையா என்பதை இது எதிராளியின் தலையிலேயே கட்டிவிடுகிறது. எங்கள் ஆள் இன்னது சொன்னான், அது தப்பு, அதற்காக கிளப் இன்னது செய்திருக்கிறது என்று மூன்று வரி எழுதினால் போதும்.

வெறும் மன்னிப்பு போதாது என்பதற்கு இன்னொரு காரணம் எங்கள் கிளப்புக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் நாகலூர்ப் பக்கத்து மலைப் பையன் ஒருவன் ஆடுகிறான். விடிகாலை பஸ் பிடித்து இறங்கி வந்து பயிற்சி செய்துவிட்டுத் திரும்பிப் போகிறவன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் வரவில்லை. ஃபோன் செய்தால் பரீட்சை என்கிறான். இருக்கலாம்.

இதே நிலை இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் 2024-ல் வந்தது. அர்ஜென்டினா கோபா அமெரிக்கா ஜெயித்த பிறகு பஸ்ஸில் வீரர்கள் பாடிய பாட்டை என்சோ ஃபெர்னாண்டஸ் நேரலையில் போட்டார். பிரெஞ்சு அணியின் கறுப்பின வீரர்களின் ஆப்பிரிக்க வேர்களை இழிவு செய்யும் பாட்டு. செல்சியில் அவரோடு ஒரே அறையில் உடை மாற்றும் வெஸ்லி ஃபொஃபானா அதைப் பச்சையான இனவெறி என்று வெளிப்படையாகவே சொன்னார். கிளப் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. என்சோ மன்னிப்புக் கேட்டார், பாகுபாட்டை எதிர்க்கும் அமைப்புக்கு நன்கொடை தர ஒப்புக்கொண்டார், கிளப் அறக்கட்டளையும் தன் பங்குக்குக் கொடுத்தது. அத்தோடு சரி. ஒரு மேட்ச்கூட கிளப் அவரை வெளியே வைக்கவில்லை. பிறகு சில ஆட்டங்களில் அவர் கையிலேயே கேப்டன் பட்டை ஏறியது. சக வீரர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்றார்கள். ஆகியிருக்கலாம். ஆனால் அந்த கிளப்பின் அகாடமியில் ஆடும் கறுப்பினச் சிறுவன் அதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் நாகலூர்ப் பையன் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை நாங்கள் இப்போது தீர்மானிக்கப் போகிறோம்.

அபராதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் வாங்காத ஆட்டக்காரனுக்கு நாங்கள் என்ன அபராதம் போட முடியும்? ஆயிரம் ரூபாய் போட்டால் அவன் மாமா கட்டிவிடுவார். எங்களுக்கு மேட்ச் வேன் கொடுப்பவரும் அந்த மாமாதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசு கட்டியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணத்தைத்தான் அபராதம் தரும்.

அடுத்தது நீக்கம். இது கடுமையான வழி என்பதால் சரியான வழி என்று இளையவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் கோபத்தை மதிக்கிறேன். 2015-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப் சீசன் முடிந்து தாய்லாந்துக்கு நல்லெண்ணப் பயணம் போயிருந்தது. கிளப்பின் உரிமையாளர்கள் தாய்லாந்துக்காரர்கள். அங்கே இளம் வீரர்கள் மூன்று பேர் தாய்லாந்துப் பெண்களை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்திய வீடியோ வெளியே வந்தது. மூவரின் ஒப்பந்தத்தையும் கிளப் ரத்து செய்தது. மூவரில் ஒருவர் மேனேஜரின் சொந்த மகன். யார் பிள்ளை என்று பார்க்காமல் எடுத்த முடிவு என்பதால் அதற்கு ஒரு கனம் உண்டு. மாமாவின் வேனை நினைத்துத் தயங்குகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் லெஸ்டருக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது, நீக்கினால் வேலை போகும். எங்கள் ஃபார்வர்டு நல்ல ஆட்டக்காரன். நாங்கள் நீக்கினால் சேலத்திலேயே வேறு ஒரு கிளப் அடுத்த டோர்னமென்ட்டுக்கே அவனைக் கூப்பிட்டுக்கொள்ளும். அவன் அதே வாயோடு வேறு ஜெர்சியில் மறுபடியும் ஏற்காட்டுக்கு ஆடப் போவான். எங்கள் கை சுத்தம் என்று நாங்கள் இருந்துகொள்ளலாம். மலைப் பையன்களுக்கு ஒன்றும் மாறியிருக்காது. இன்னொரு விஷயம், ஒருவனை நீக்கிவிட்டால் பெஞ்சில் சிரித்த இருவரையும், சும்மா இருந்த கோச்சையும் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். அழுக்கு முழுவதும் அவனோடு வெளியேறிவிட்டது போல ஆகிவிடும். இரண்டாவது முறை செய்தால் நீக்கம்தான், அதில் பேச்சே இல்லை. முதல் முறையே நீக்குவது இந்த ஊரில் சிக்கலை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவதாகத்தான் முடியும்.

இனி சட்டம். இங்கே எங்கள் நிலைமை ஐரோப்பிய கிளப்களின் நிலைமையிலிருந்து ரொம்பவே வேறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் தெளிவாகியிருக்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், பழங்குடியைச் சேர்ந்தவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால், அல்லது சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், 3(1) பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. முன்ஜாமீன் கிடையாது என்கிறது 18-வது பிரிவு. நாலு சுவருக்குள் சொன்னது இதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் சம்பவம் நடந்தது நட்டநடு மைதானத்தில், இரண்டு அணிகளும் பார்வையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க. 'ஒரு வார்த்தைதானே' என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

அப்படியானால் போலீஸிடம் விட்டுவிட்டு கிளப் ஒதுங்கிக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கருத்து. புகார் கொடுக்கும் உரிமை பையனுக்கும் அவன் குடும்பத்துக்கும் உரியது. கிளப் அவர்களைக் கேட்காமல் முந்திக்கொண்டு கொடுத்தால், அவர்கள் விரும்பாத ஸ்டேஷன், கோர்ட் அலைச்சலில் அவர்களைத் தள்ளியதாகும். கொடுக்காதே என்று சொல்வது அதைவிட மோசம். அதே சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. நல்லெண்ணத்தில் 'கேஸ் கீஸ் வேண்டாமே' என்று பேசப்போவதும் அந்தக் குடும்பத்துக்கு மிரட்டலாகத்தான் கேட்கும். கிளப் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர்கள் புகார் கொடுத்தால் எங்கள் ஸ்டாப்பர் கேட்டதைக் கேட்டபடி சொல்வான், அவனை யாரும் தடுக்க மாட்டோம் என்பதைக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.

கோர்ட் முடிவு வரும்வரை கிளப் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஜான் டெர்ரியின் கதையைப் பார்க்கலாம். 2011 அக்டோபர் 23 அன்று செல்சி கேப்டன் டெர்ரி, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸின் அன்டன் ஃபெர்டினாண்டை நிறத்தைச் சொல்லித் திட்டியதாக வழக்கு வந்தது. 2012 ஜூலையில் கோர்ட் அவரை விடுவித்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் செப்டம்பரில் கால்பந்து சங்கம், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோலில் விசாரித்து நாலு மேட்ச் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. இரண்டு இடத்திலும் கேள்வி வேறு, அளவுகோலும் வேறு. ஒருவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டிய அளவு ஆதாரம், ஒருவனை மேட்ச்சில் இறக்காமல் இருக்கத் தேவையில்லை. செல்சி தனக்குள் ஏதோ நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னது, என்னவென்று வெளியே சொல்லவில்லை, கேப்டன் பதவியும் டெர்ரியிடமே இருந்தது. அன்டன் ஃபெர்டினாண்ட் அதைப் பற்றி விரிவாகப் பேசியது 2020-ல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில்தான். அவர் பேசாமல் இருந்த வருடங்களில் டெர்ரி கோப்பைகளைத் தூக்கினார். ரகசிய நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே நான் கை தூக்கப் போவது, கிளப்பே முன்வந்து, வெளிப்படையாக, எண்ணிக்கை சொல்லி ஆட்டத் தடை போடும் வழிக்கு. மாவட்டக் கால்பந்துச் சங்கம் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

எத்தனை மேட்ச் என்பதில் குழுவில் பேரம் நடக்கும். இரண்டு போதும் என்பார்கள். ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகள் ஒருவரின் இனத்தையோ நிறத்தையோ பிறப்பையோ சொல்லி இழிவுபடுத்தும் ஆட்டக்காரருக்குக் குறைந்தது பத்து மேட்ச் அல்லது ஒரு குறிப்பிட்ட காலம் தடை என்கின்றன. சிவப்பு அட்டைக்கு வரும் ஒன்றிரண்டு மேட்ச் தடையோடு இதை ஒப்பிட்டால், விளையாட்டு உலகம் இதை எங்கே வைத்திருக்கிறது என்பது தெரியும். எங்களுக்கும் பத்து மேட்ச் என்றே வைக்கலாம். லீக், டோர்னமென்ட், நட்பு ஆட்டம் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. சும்மா நட்பு ஆட்டங்களை வரிசையாக நடத்தி எண்ணிக்கையைத் தீர்க்கும் வேலை கூடாது. பத்து மேட்ச் என்றால் எங்கள் சீசனில் பெரும்பகுதி போய்விடும். அரையிறுதி வரை வந்திருக்கும் டோர்னமென்ட்டும் அதில் போகும். கோல் போட ஆள் இல்லாமல் தோற்கலாம். அந்தத் தோல்வியை கிளப் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; அவன் கோல் போட்டபோது வந்த பேரை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோமே.

தடை போடும் முன் அவனுக்குப் பேச வாய்ப்பு தர வேண்டும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேட்டவர்கள் மூவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அதை அவனிடம் காட்டி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்போம். அவன் மறுத்தால் அதையும் எழுதி வைப்போம். ஒரு மாலைக்குள் முடியும் வேலை. அதுவரை அவன் பெயர் டீம் லிஸ்ட்டில் வராது. மாமா அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது.

பயிற்சிக்கு அவன் வரலாமா என்று கோச் கேட்கிறார். வரட்டும். ஓட்டத்துக்கு வரட்டும், கோன் அடுக்கட்டும், சின்னப் பையன்களின் மேட்ச்சுக்குக் கோடு போடட்டும். ஃபிஃபா குர்டோவுக்குத் தடையோடு சமூகப் பணியும் பயிற்சி வகுப்பும் சேர்த்தே விதித்தது. எங்களிடம் அப்படி வகுப்பெடுக்கும் அமைப்பு இல்லை, ஆனால் மலையாளி மக்களின் நிலம், எஸ்டேட் வேலை, சாதிச் சான்றிதழ், படிப்பு பற்றியெல்லாம் நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் சேலத்தில் உண்டு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்த கதையை நம் பையன்கள் சுற்றுலாப் பலகையில் படித்திருப்பார்கள். அதற்கு முன்பே அங்கே யார் இருந்தார்கள், தோட்டம் வந்தபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஒருவரைக் கூப்பிட்டு அணி முழுவதையும் உட்கார வைத்துக் கேட்க வைக்கலாம். அந்த வேலையைத் திட்டு வாங்கிய பையன் தலையிலோ எங்கள் நாகலூர்ப் பையன் தலையிலோ கட்டக் கூடாது. 'நட்புக்காக ஒரு மேட்ச்' நடத்தி இருவரையும் தோளில் கை போட வைத்துப் படம் எடுக்கும் யோசனையும் வேண்டாம்.

சிரித்த இருவரை என்ன செய்வது? அவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த இரண்டு மேட்ச் வெளியே உட்காரட்டும். கூட்டம் எப்படி மாறும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். 2024 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் அரீக்கோடு பக்கத்தில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட வந்த ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் துரத்தித் துரத்தி அடித்தார்கள். தன் நிறத்தைச் சொல்லித் திட்டியதாகவும் அவர் மாவட்ட எஸ்.பி.யிடம் புகார் கொடுத்தார். பெஞ்சில் எழும் சிரிப்பை இப்போதே நிறுத்தாவிட்டால் பார்வையாளர்களுக்கும் அது பழகிவிடும். கோச்சுக்கும் குழு எழுத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: இப்படி ஒன்று காதில் விழுந்தால் அந்த நிமிடமே ஆளை வெளியே எடுக்க வேண்டும், ரெஃப்ரியிடம் அவரே போய்ச் சொல்ல வேண்டும். 2024-ல் ஃபிஃபா கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டும் சைகையைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தலாம், தொடர்ந்தால் அணிகளை உள்ளே அனுப்பலாம், அதற்கும் அடங்காவிட்டால் மேட்ச்சையே கைவிடலாம். ஏற்காட்டுப் பையன் பந்தை இறக்கிவிட்டு ரெஃப்ரியைத் தேடியபோது அந்தச் சைகை அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் பையன்களுக்கும் தெரியாது. மாவட்டத்தில் விசில் பிடிக்கும் எல்லோருக்கும் எல்லா கிளப்புக்கும் இதைச் சொல்லித்தரச் சொல்லி மாவட்டச் சங்கத்துக்கு எழுதலாம்.

கடிதம் எதிரணி கிளப்புக்குப் போகும், பையனுக்குத் தனியாக ஒன்றும் போகும். அதை எங்கள் செகரெட்டரி ஒருவர் மட்டும் எடுத்துப்போய் அவர்கள் கோச் கையில் கொடுத்தால் போதும். வீட்டுக்குப் போக வேண்டாம், பையன் கூப்பிட்டால் மட்டும் போகலாம். பத்து மேட்ச் போதாது என்று அவன் சொன்னால் குழு மறுபடியும் கூடிப் பேச வேண்டும். போதும் என்றோ குறைக்கலாம் என்றோ சொன்னால், அதற்காக நாங்கள் குறைக்கக் கூடாது. ஃபார்வர்டு தன் கையால் எழுதும் மன்னிப்பு தனி. அதை எப்போது வாங்கிக்கொள்வது, வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது பையனின் விருப்பம். வாங்க மறுத்தாலும் தடைக் கணக்கில் ஒன்றும் கூடாது, குறையாது.

கூட்டத்துக்கு முன் இந்த வரைவை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டேன். வேன் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். டவுன் பஸ்ஸில் போய் ஆடிய கிளப்தான் இது.